கதவு எவ்வளவு அகலம்?

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?"

கைப்பையை சோபாவில் வீசிவிட்டு, அவள் நேராகக் கணவர் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள். பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலை. நாள் பூரா அடுத்தவர் பல்வலியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே கணவரின் இந்தக் கூத்து.

திரையில் ஒரு கப்பல். ஏதோ டிராவல்ஸ் கம்பெனி அனுப்பிய மெயில். ஊரெல்லாம் பார்த்த கையோடு அழித்துவிடுகிற சமாச்சாரம். இந்த வீட்டிலிருந்து மட்டும் அதற்கெல்லாம் மெனக்கெட்டுப் பதில் போகும்.

குனிந்து படித்தாள்.

"'அறைக் கதவு எவ்வளவு அகலம்?' ஏங்க, கதவுல மாட்டிக்கிற அளவுக்கா பெருத்துட்டீங்க?"

அவர் தொப்பையைத் தடவிக்கொண்டார். "பெருக்க வச்சது உன் சமையல்தானே?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர். இவர் பார்த்த தூரதேசம் ரயில்வே ஸ்டேஷன்தான். அதுவும் யாரையோ வழியனுப்பப் போனது. இவருக்குப் பனிமலை ரயில், பாலைவன ஒட்டகம், இப்போது கப்பல்!

"போன வாரம் ஒட்டகத்தைப் பத்தி என்னமோ கேட்டிருந்தீங்களே?"

"உக்காந்து ஏத்திக்குமா, நின்னுக்கிட்டே ஏத்திக்குமான்னு."

"ரொம்ப முக்கியம்!"

சட்டென்று குரலைத் தாழ்த்தி ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அங்கே சக்கர நாற்காலியில் அவளுடைய அக்கா. ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். அவள் ஒரு அதட்டல் போட்டால் படியில் தொங்குகிறவர்கள் தானாக உள்ளே போவார்கள். விபத்தில் கால்கள் போனதோடு அந்தக் குரலும் போயிற்று. தங்கை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டதற்குப் பதில், அதோடு சரி.

"நடக்க முடியாத மனுஷி இருக்கிற வீட்டுல உலகம் சுத்தற பேச்சா? அவ மனசு என்ன பாடுபடும்? ஈவு இரக்கமே கிடையாதா உங்களுக்கு?"

தாழ்ந்த குரல்தான். ஆனாலும் அக்காவுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துபோனார். திட்டுவதும் திட்டு வாங்குவதும் அந்த வீட்டில் புதிதல்ல. அடுத்த மெயிலுக்கும் பதில் போயிற்று.

பல மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் கோட்டு போட்ட ஒரு பெண்மணி. கப்பல் கம்பெனியின் மேனேஜராம்.

அவள் அவசரமாக முன்னால் வந்தாள். "மேடம், அவர் பொழுதுபோகாம எழுதிப்போடறார். நாங்க எங்கேயும் வரப்போறதில்லை. தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் டிக்கெட் விக்க வரலைங்க. நன்றி சொல்ல வந்திருக்கேன்."

"நன்றியா?"

"கதவு அகலம், குளியலறையில கைப்பிடி, மேல்தளத்துக்குப் படி இல்லாத வழி... எதைக் கேட்டாலும் எங்ககிட்ட பதில் இல்லை. விடாம கேட்டுக்கிட்டே இருந்ததுல எங்க முதலாளிக்கே ரோஷம் வந்துடுச்சு. கப்பல்ல ஒரு தளத்தையே இடிச்சு மாத்திட்டோம். இனிமே சக்கர நாற்காலியிலேயே கடலைச் சுத்தி வரலாம். முதல் பயணத்துக்கு, எழுதினவர் எங்க விருந்தாளியா வரணும். குறை இருந்தா முகத்துக்கு நேரா சொல்லணும். சம்மதிச்சா, எங்க எல்லாக் கப்பலையும் பார்த்துச் சொல்ற வேலையும் தயாரா இருக்கு."

அத்தனையும் அக்காவை நினைத்துக் கேட்ட கேள்விகளா? இந்த மனிதரையா வாய்க்கு வந்தபடி பேசினோம்? கண் கலங்கக் கணவரைப் பார்த்தாள்.

மேனேஜர் அவரிடம் கை நீட்டினார். "வாழ்த்துகள் சார்!"

அவர் கையைக் கொடுக்கவில்லை. ஒரு எட்டு நகர்ந்து வழிவிட்டார்.

"மெயில் முகவரி மட்டும்தாங்க என்னோடது. எழுதினது இவளோட அக்கா."

சக்கர நாற்காலி உருண்டு முன்னால் வந்தது. அக்காவின் காது மடல் சிவந்திருந்தது. ஆனால் பார்வை நேராக மேனேஜர் மீது இருந்தது.

"மேல்தளத்துக்குப் போற சரிவு மழையில வழுக்குமா, வழுக்காதா? அதை முதல்ல சொல்லுங்க!"

கூடம் அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. மேனேஜர் தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவின் இந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

அங்கே விசாரணை சூடுபிடித்தது. இங்கே அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் வர்ற சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டர் முன்னாடி நீங்க உக்காந்துக்குவீங்களா? ஏங்க, 'எழுதறது உன் அக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அத்தனை திட்டும் மிச்சமாகியிருக்குமே?"

"எனக்குத் திட்டு பழகிப்போச்சு" என்றார் அவர். "அவங்களுக்கு ஆசைப்படறது இப்பத்தான் பழகிக்கிட்டு வந்துது."