வரைந்தபடியே ஒரு தெரு

சகலமான பொதுமக்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், நகரமைப்பியல் இறுதியாண்டு மாணவி செண்பகவல்லி தேர்வுக்கு வரைந்த தெரு மாநகராட்சியின் முதல் பரிசு பெற்று, ஒரே வாரத்தில், வரைந்தபடியே, ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் கட்டி முடிக்கப்பட்டது.

திறப்பு விழாவன்று அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

"அம்மா, அந்த வேப்பமரம் நான் வெச்சது! அந்த பெஞ்சு நான் போட்டது!"

"என் ராசாத்தி! இனிமே நம்ம யாவாரம் இங்கதான்டி!" என்று அம்மா செல்லக்கிளி, மகளைப் படிக்கவைத்த பருத்திப்பால் வண்டியை அதே வேகத்தில் தெருவுக்குள் தள்ளினாள்.

தெருமுனையில் நின்ற காவல் இயந்திரம் குறுக்கே வந்து கைகூப்பியது. "மன்னிக்கவும். வரைபடத்தில் தள்ளுவண்டி இல்லை."

செல்லக்கிளி திரும்பினாள். "ஏன்டி, நம்ம வண்டிய நீ வரையலையா?"

"வண்டி போட்டா அழகு கெட்டுடும், மார்க்கு போயிடும்னு சார் சொன்னாரும்மா. ஆளுங்களக்கூட நான் வரையல. எல்லாரும் ஒட்டுற ரெடிமேட் ஆளுங்க படத்தையே கம்ப்யூட்டர்ல எடுத்து ஒட்டிட்டேன்."

அப்போது கம்பளிக் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், நாயைப் பிடித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க அவர்களைக் கடந்து தெருவுக்குள் போனார். வரைபடத்தில் இருந்ததால், மாநகராட்சி அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது.