விளம்பர இடைவேளை

பேராசிரியரின் நெற்றியிலிருந்து இறங்கும் ரத்தம் புருவத்தில் தேங்கி, ஸ்டுடியோ விளக்கில் பளபளக்கிறது. பக்கத்து நாட்டின் மேல் குண்டு போடலாமா என்பது இன்றைய விவாதம். "முதல்ல பேசிப் பார்க்கலாமே" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், எதிரே இருந்த ஓய்வுபெற்ற தளபதி கண்ணாடித் தம்ளரை வீசிவிட்டார். இப்போது திரையில் யாரோ பல் விளக்கிச் சிரிக்கிறார்கள். மேசையெங்கும் சில்லுகள். "துரோகி, உன்னைத்தான்டா முதல்ல சுடணும்" என்று உறுமும் தளபதியை இரண்டு பேர் தோளைப் பிடித்து அமுக்குகிறார்கள். மேக்கப் போடுகிறவள் பஞ்சோடு ஓடி வருகிறாள். அவளுடைய தம்பி எல்லையில் நிற்கிறான். காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. மேசையில் கை ஊன்றியதும் ஒரு சில்லு அவள் விரலைக் கிழிக்கிறது. அதைப் பாராமல் பஞ்சைக் காயத்துக்குக் கொண்டுபோகிறாள். தயாரிப்பாளர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். குரல் பரிவாகத்தான் இருக்கிறது.

"ரத்தம் இருக்கட்டும்க்கா. மூக்குல வேர்வை மின்னுது பாருங்க, அதை மட்டும் துடைங்க."

அவள் காயத்தைத் தொடாமல் மூக்கின் மேல் பவுடரை ஒற்றுகிறாள். அவள் விரலிலிருந்து ஒரு சொட்டு பேராசிரியரின் வெள்ளைக் காலரில் விழுந்து பரவுகிறது. பதறி அதைத் துடைக்கப் போகிறாள். தயாரிப்பாளர் தலையைச் சாய்த்து மானிட்டரைப் பார்க்கிறார்.

"அதுவும் இருக்கட்டும்க்கா."