கன்னத்தில் ஒரு கறுப்பு

"இந்தக் கன்னத்தை இப்படி வேக வச்சது யாரும்மா? முதல்ல அதைச் சொல்லுங்க!"

தோல் டாக்டரம்மாவுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். எதிரே நாற்பதைத் தாண்டிய டீச்சர். இடது கன்னத்தில் பாதி உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு.

"பழைய கதை டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பார்லர்ல, மேல்தோலை உரிச்சு முகத்தைப் பளிச்சுன்னு ஆக்குற கெமிக்கல் பீல் போட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல கழுவணுமாம். போன் வந்துச்சு, பேசிட்டே மறந்துட்டாங்க."

"மறந்துட்டாங்களா! அழகுதான் போங்க. கேஸ் போட்டு உள்ள தள்ளியிருக்கணும்."

டீச்சர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இதை எடுக்க முடியுமா டாக்டர்?"

"அதே பீல்தான் மறுபடியும் போடணும், அளவா, நிதானமா. மேல்தோல் உரியும். ஒரு வாரம் செவந்து எரியும். வெயில்ல தலை காட்டக் கூடாது. அப்படியும் நம்ம நிறத்துக்கு இன்னும் கறுத்தாலும் கறுக்கும், தழும்பு விழுந்தாலும் விழும். ஆறு தடவை வந்தாலும் முழுசாப் போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இத்தனை வருஷம் இதோட இருந்துட்டீங்க, இப்ப என்ன தலைபோற அவசரம்?"

டீச்சர் தயங்கினார். "வீட்டுல ஒருத்தருக்கு இதைப் பார்க்கச் சகிக்கல. தினம் விடிஞ்சா இதே பேச்சு. என்னால தாங்க முடியல டாக்டர்."

"அதானே பார்த்தேன்!" பேனாவை டொக்கென்று வைத்தார் டாக்டரம்மா. பெண்டாட்டி முகத்தில் குற்றம் கண்டுபிடிக்கும் ஆண்களை அவருக்குக் கண்ணெடுத்தும் பார்க்கப் பிடிக்காது. "கூட வந்திருக்காரா? வரச் சொல்லுங்க. நறுக்குன்னு நாலு கேள்வி கேட்கிறேன்."

டீச்சர் எழுந்து போய்க் கைப்பிடித்து அழைத்து வந்தது, தன் அம்மாவை.

நாற்காலியில் உட்காரப் போன அம்மா மகளை நிமிர்ந்து பார்த்தார். "ஐயையோ, என்னடி இது கன்னத்துல? டாக்டர், எம் பொண்ணு மூஞ்சியைக் கெடுத்த பாவி யாரு? சொல்லுங்க, அந்தக் கையை உடைச்சுப் போடறேன்!"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் அவர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

"அந்தப் பார்லரே எங்க அம்மாவோடதுதான் டாக்டர், பீல் போட்டதும் அவங்கதான். இப்ப மறதி நோய். தினம் கேட்பாங்க, நான் எதையாவது சொல்லி மழுப்பிடுவேன். ஆனா சில நாள் அவங்களுக்கே ஞாபகம் வந்துடுது. அன்னைக்கு முழுக்க அந்தக் கையால ஒரு வாய் சோறு தொட மாட்டாங்க."