இயர்போனில் மட்டும்

"அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க தம்பி," என்றாள் அவள்.

மெக்கானிக் புது டிவியின் செட்டிங்ஸைத் திறந்தான். வசனங்களுக்கு நடுவே, திரையில் நடப்பதை ஒரு குரல் விவரிக்கும் வசதி அதில் இருந்தது. பார்வையற்றவர்களுக்கானது. அவள் கணவருக்குப் பார்வை போய்ப் பதினெட்டு வருடம். அன்று முதல் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து காட்சி காட்சியாகச் சொல்லிவருகிறாள்.

"இனிமே உங்க தொண்டைக்கு லீவும்மா," என்று சிரித்தான் மெக்கானிக்.

"அந்தக் குரல் டிவியில வரக்கூடாது. இந்த இயர்போன்ல மட்டும்தான் வரணும்."

"சார் காதுல மாட்டிக்குவாரா?"

அவள் பதில் சொல்வதற்குள் குளியலறையிலிருந்து அதட்டல் வந்தது.

"யாரு வந்திருக்கா?"

"கேபிள்காரர்ங்க."

"உன் மக சொன்ன அந்த மிஷின் குரலை மாட்டிடப் போறாரு! எனக்கு வேணாம். ரெண்டு பேருக்கும் உன் கண்ணு போதும்!"

மெக்கானிக் குழப்பத்தோடு ரிமோட்டை நீட்டினான். "இதோ, இந்த பட்டன்தாம்மா."

அவள் கை ரிமோட்டைத் தாண்டிக் காற்றில் துழாவியது.

"காட்டாதீங்க தம்பி. என் விரலைப் பிடிச்சு அது மேல வைங்க."

அவன் வைத்தான்.

"அவருக்குத் தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்," என்றபடி அவள் இயர்போனைத் தன் காதில் செருகி, முடியால் மறைத்துக்கொண்டாள்.

"இந்தக் குரல் எல்லா நிகழ்ச்சிக்கும் வராதும்மா."

"வராததுக்கு நானே எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிக்கிறேன். மூணு மாசமா அப்படித்தானே ஓடுது."