ரெண்டு கையெழுத்து

"மறுபடியும் அவளா?"ன்னு போன்லயே பெருமூச்சு விட்டார் மேனேஜர்.

"வேற யாரு சார்? பந்துத் தொட்டியைக் காலி பண்ணி, அத்தனை பந்தையும் படிக்கட்டுல உருட்டி விட்டிருக்கா. கீழ்த்தளம் வரைக்கும் போயிருக்கு."

"விதி இருக்குல்ல? ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்க."

எங்க உல்லாசக் கப்பல்ல அப்படி ஒரு விதி. குழந்தைகள் கிளப்ல ஒரு பிள்ளை வம்பு பண்ணா புகார்ப் படிவம் எழுதணும். அப்பா, அம்மா ரெண்டு பேரும் நேர்ல வந்து, உக்காந்து கேட்டு, கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மட்டும் வந்தா செல்லாது.

சீசன்ல எழுபது பிள்ளைங்களைக் கட்டி மேய்ச்சவ நான். இப்போ பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். மழை வேற. மேல்தளத்து நீச்சல் குளத்தை வலை போட்டு மூடியாச்சு. கிளப்புக்கு மொத்தமே ஏழு பேர்தான். அதுல ஆறு பேர் மூக்கு சிந்தக்கூடத் தெரியாத வாண்டுங்க.

ஏழாவதுதான் இவ. எட்டு வயசு. சூறாவளின்னு நானே பேர் வச்சேன். ஒத்தை ஆளா என்னைத் தண்ணி குடிக்க வச்சிட்டா!

முதல் நாள் பச்சைப் பெயின்ட்டைத் தரைவிரிப்புல கொட்டினா. ரெண்டாம் நாள் பொம்மலாட்டத் திரையைக் கத்தரிக்கோலால நறுக்கினா. மூணாம் நாள் இந்தப் பந்து.

அப்பா ஒரு பக்கத்துலேர்ந்து வந்தார். அம்மா இன்னொரு பக்கத்துலேர்ந்து வந்தாங்க. பெரியவங்க உக்கார்ற நாற்காலி கிளப்ல கிடையாது. முழங்கால் மோவாயில இடிக்க, ரெண்டு பேரும் குட்டி நாற்காலியில உக்காந்தாங்க. இவ ஓடிப்போய் நடுவுல உக்காந்துக்கிட்டா.

"எல்லாம் நீங்க குடுக்கிற செல்லம்."

"ஓஹோ, வளர்க்கிறது நீ, பழி மட்டும் எனக்கா?"

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அவளைப் பிடிச்சு உலுக்கி எடுத்தாங்க. அவ என்னடான்னா சிரிக்கிறா! எருமை மாட்டு மேல மழை பெஞ்சா அதுகூடக் காதை ஆட்டும். இவ பல்லைக் காட்டுறா.

கண்டிச்சு வளர்த்திருந்தா இப்படி ஆகுமான்னு மனசுக்குள்ள தீர்ப்பே எழுதிட்டேன்.

நாலாம் நாள் என் நாற்காலியில கோந்தைக் கொட்டி வச்சா. எழுந்தா, பாவாடை பாதி நாற்காலியோட போச்சு. எனக்கு வந்ததே கோபம்!

"போதும்டியம்மா. இனிமே உங்க அப்பா, அம்மாவைக் கூப்பிடப் போறதில்லை. அவங்க வந்து என்னத்தைக் கிழிச்சாங்க? நீ எதை வேணா உடை, நானே கூட்டிப் பெருக்கிக்கிறேன்."

அவ்வளவுதான். அதுவரைக்கும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்னவ, ஓன்னு அழுதுட்டா.

"கூப்பிடுங்கக்கா! எவ்வளவு வேணா திட்டச் சொல்லுங்க. கூப்பிட மாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்கக்கா."

"ஏன்டி?"

"காலையில அம்மா முறை. மத்தியானம் அப்பா முறை. ரூம் வேற. சாப்பிடற மேஜையும் வேற. நீங்க புகார் எழுதினாத்தான் ரெண்டு பேரும் என் பக்கத்துல உக்கார்றாங்க."

நான் அவ பக்கத்துல குனிஞ்சேன்.

"அப்புறம் எதுக்கு ஒரே கப்பல்ல வந்தீங்க?"

"போன வருஷமே எடுத்த டிக்கெட்டாம். சீசன் இல்லாத நேரத்து மலிவு டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தர மாட்டாங்களாம்." மூக்கைத் துடைச்சுக்கிட்டா. "கரை இறங்கினதும் நானும் அம்மாவும் வேற ஊருக்குப் போறோம். அப்பா வர மாட்டார்."

பெயின்ட்டைக் கொட்டினா, திரையை நறுக்கினா, பந்தை உருட்டினா. ஒரு வாண்டு மேலயாவது கை வச்சாளா? இல்லையே! பதினோரு வருஷமா பிள்ளைங்களோடயே பழகறேன்னு பெருமை பேசுற எனக்கு, இது உறைக்க நாலு நாள் ஆச்சு. வெக்கமா இருந்துச்சு.

அவ என் கிழிஞ்ச பாவாடையையே பார்த்துக்கிட்டு நின்னா.

"சாரிக்கா. உங்களுக்குத்தான் கஷ்டம். இனிமே எதுவும் பண்ண மாட்டேன், சத்தியமா."

சொன்ன மாதிரியே, கடைசி நாள் முழுக்க அவ எதையும் தொடலை. வாண்டுங்களுக்கு மூக்கு சிந்தி விட்டா. கலர் பென்சில்களைச் சீவி அடுக்கினா. கதவு திறக்கிறப்ப மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தா. யாரோ வேலையாள்னு தெரிஞ்சதும் மறுபடியும் குனிஞ்சுக்கிட்டா.

இதுக்கு அவ கூரையையே பிரிச்சிருக்கலாம். என்னால பார்க்க முடியலை.

கிளப் மூட இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. நாளைக்குக் காலையில கரை. போனை எடுத்து, ரெண்டு ரூமுக்கும் தகவல் சொன்னேன்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தாங்க.

"கடைசி நாள்லயாவது சும்மா இருக்கக் கூடாதா?"ன்னு அம்மா தலையில கை வச்சாங்க.

"இன்னிக்கு என்னத்தைப் பண்ணித் தொலைச்சா?"ன்னு அப்பா என்னைக் கேட்டார்.

சூறாவளி திருதிருன்னு முழிச்சா. "அக்கா, நான் ஒண்ணுமே..."ன்னு ஆரம்பிச்சா.

"நீ பேசாம உக்காரு"ன்னு அவளை அதட்டிட்டு, ஒரு புதுப் படிவத்தை எடுத்து வச்சுக்கிட்டேன்.

"கொஞ்சம் பெரிய புகாருங்க. எழுதி முடிக்க ரெண்டு மணி நேரமாவது ஆகும். ரெண்டு பேரும் அவ பக்கத்துல உக்காருங்க."