நாலுமே நார்மல்

"நாலுமே நார்மல்" என்று சொல்லிவிட்டு, கணக்கு வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நார்மல்னா நல்லதுதானே? அதுக்கு எதுக்கு இழவு வீட்டு மூஞ்சி?" என்றாள் அவர் மனைவி. அவள் மூலையில் நின்று தன் நர்ஸ் யூனிஃபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லதில்லை. டாங்கும் சீட்டும் கழற்றப்பட்டு ஹால் நடுவில் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அவர் வண்டி இரண்டு மாதமாகத் தையல் மிஷின் போல டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. வால்வுக்கு மேலே இடைவெளி கூடிப்போனால் அப்படித்தான் சத்தம் வரும். வால்வின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஷிம் என்ற சின்ன எஃகு வில்லையை எடுத்துவிட்டு, கொஞ்சம் தடித்த வில்லையாக வைத்தால் நின்றுவிடும். போன வருஷம் அவரே வீட்டில் மாற்றியிருக்கிறார். அந்தப் பெருமையைக் கேட்காத வகுப்பே பள்ளிக்கூடத்தில் கிடையாது.

இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். அதனால் காலையில் ஸ்டார்ட்டே செய்யாமல் ஷெட்டிலிருந்து ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். முந்தின நாள் ஷெட்டுக்கு வெள்ளையடித்தவர்கள் வண்டிகளை இஷ்டத்துக்கு நகர்த்தி, கவரெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தார்கள். அவர்களை மனதார நாலு வார்த்தை வாழ்த்தினார். தேய்ந்த சாவி வேறு, சீட்டுப் பூட்டில் வழக்கத்தைவிட அதிகமாக அடம்பிடித்தது.

இவ்வளவு பாடுபட்டு மெல்லிய தகட்டை விட்டு அளந்தால், நாலு வால்விலும் இடைவெளி இம்மி பிசகவில்லை. காது ஒன்று சொல்கிறது, தகடு வேறொன்று சொல்கிறது. கணக்கு வாத்தியாரால் இதைத் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும். முதல் நாள் டூட்டி. அந்நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்."

தகட்டை நம்பாமல் மேல் பாகங்களையும் கழற்றினார். காந்தக் குச்சியால் வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் பொறித்திருந்த தடிமன் எண்ணைப் படித்தார். 285, 290, 275, 280. போன வருஷம் மனைவி கையால் எழுதி வைத்த நோட்டில் இருந்ததோ 270, 265, 270, 275.

"நான் சொல்லச் சொல்ல எழுதுன்னா, நீ பாட்டுக்கு என்னத்தையோ எழுதி வச்சிருக்கே!"

"ஆமா, எங்கம்மா செருப்பு சைஸை எழுதி வச்சேன். நீங்க சொன்னதைத்தாங்க எழுதினேன். நாலையும் தப்பா எழுத நான் என்ன உங்க எட்டாங்கிளாஸ் பையனா?"

எஃகு தேயலாம். வருஷத்துக்கு வருஷம் தடிக்குமா? அந்த யோசனையிலேயே நாலாவது வில்லையைத் திரும்பப் பொருத்தப் போனார். வில்லை குச்சியிலிருந்து நழுவி, பக்கத்தில் இன்ஜினின் உள் செயின் ஓடும் பள்ளத்துக்குள் விழுந்தது.

'டிங்' என்று ஒரு சத்தம். எங்கோ ஆழத்தில் இன்னொரு 'டிங்'. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்தப் பள்ளத்தை முதலிலேயே துணியால் அடைத்துவிடுங்கள் என்று அவர் பார்த்துப் பழகிய வீடியோவில் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். துணி அவர் தோளில் கிடந்தது.

காந்தக் குச்சியை விட்டுத் துழாவினார். டார்ச்சை அடித்துப் பார்த்தார். வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். இனி இன்ஜினை அடிவரை பிரித்தால்தான் உண்டு, அது அவரால் ஆகிற காரியமில்லை.

மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"இந்த வேலைக்கு ஆறு மாசமா அலைஞ்சேங்க" என்றாள்.

"என்ன சார், பிரேதப் பரிசோதனையா?" என்று கேட்டுக்கொண்டே மாடி வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

வாத்தியாருக்கு இந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கறுப்பில் ஒரே மாடல் வண்டி எடுத்து, ஒரே ஷெட்டில் நிறுத்துகிறவர்கள். நம்பரில்கூடக் கடைசி இரண்டு இலக்கம்தான் இடம் மாறியிருக்கும். ஆனால் அவர் வண்டி மட்டும் பூனை மாதிரி ஓடும், அதை வாரம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்.

இன்று சொல்லிக் காட்டவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"இதுக்குப் போய் இப்படி உட்காரலாமா? காலையில என் வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க சார். தங்கச்சி முதல் நாளே லேட்டாப் போகக்கூடாது. இருங்க, இப்பவே பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்து சாவியைக் குடுத்துடறேன்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் மனதுக்குள் வைததற்கெல்லாம் சேர்த்து, எண்ணெய்க் கையோடு ஒரு கும்பிடு போட்டார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி போட எழுந்தாள்.

ஷெட்டுக்குப் போன மாடி வீட்டுக்காரர் சாவியோடு மல்லுக்கட்டுவது கேட்டது. வாத்தியார் மனம் கேளாமல் மறுபடியும் டார்ச்சை எடுத்து இன்ஜினுக்குள் குனிந்தார்.

இரண்டு நிமிஷத்தில் மாடி வீட்டுக்காரர் திரும்பி வந்து வாசலில் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"சார், உங்க வண்டி வியாதி என் வண்டிக்கும் ஒட்டிக்கிச்சு போல, டிக் டிக்குங்குது!"