அனைவருக்கும் நீக்கு

"அந்த நாட்டுல மனுசன் வாயத் தொறக்க முடியாதுங்க" என்றான் அருள்குமார்.

மூன்று வருடமாகச் சீனாவில் ஒரு தறி மெஷின் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயர். லீவில், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் சொந்த ஊருக்கு வந்திருந்தான். பார்க்க வந்த சொந்தபந்தமெல்லாம் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தது.

"அப்படி என்ன கண்ணு பண்ணுவாங்க?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ராமாமணி.

"வாட்ஸப் கிடையாது, யூடியூப் கிடையாதுங்க்கா. கூகுள்ல ஒரு அட்ரஸ் தேட முடியாது. வி.பி.என். போட்டுத் திருட்டுத்தனமா உள்ள போவோணும். பிரியாகிட்டப் பேசிட்டிருக்கறப்பவே அதுவும் செத்துப் போயிரும். பாப்பா மொத மொதல்ல நடந்தத நான் பாக்கவே இல்லீங்க. அவ எந்திரிச்சு நின்னா, வீடியோ நின்னு போச்சு."

"அடக் கொடுமையே!"

"இதாவது பரவால்லீங்க. என்கூட லியூன்னு ஒருத்தன் வேலை செஞ்சான். கம்பெனிக்குப் பின்னால வாய்க்கால் நாறுதுன்னு போட்டோ எடுத்து, அவங்க ஊர் ஆப்புல போட்டான். மத்தியானம் பாத்தா போட்டோவக் காணோம். மறுநாள் அவன ஆபீசுக்குள்ள கூப்பிட்டாங்க. அதோட வேலைக்கே வர்றதில்ல. அத்தன பேரு இருந்தோம். ஒருத்தரும் ஏன்னு கேக்கலீங்க."

கூடமே உச்சுக் கொட்டியது.

வாசலில் புல்லட் வந்து நின்றது. அருள்குமாரின் தாய்மாமன் சுப்பண்ணன் உள்ளே வந்தார். ஊருக்கு மேற்கே சாயப்பட்டறை வைத்திருப்பவர். நாற்காலியைப் போட்டும் உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, சீனாக்காரன் கதை இருக்கட்டும். உன்ற பொண்டாட்டி செஞ்சு வச்சிருக்கறதப் பாத்தியா?"

போனை நீட்டினார். ஊர் வாட்ஸப் குழு. அங்கன்வாடிக் குழாயை ஒரு கை திறக்கிறது. ஊதா நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது. கீழே லோகப்பிரியா எழுதியிருந்தாள்: 'சாயப்பட்டறைத் தண்ணீர் நம் போர்வெல்லில் இறங்கிவிட்டது. நம் குழந்தைகள் இதைத்தான் குடிக்கிறார்கள்.'

காபி கொண்டுவந்த லோகப்பிரியா அங்கேயே நின்றாள்.

"பொய்யின்னா சொல்லுங்க மாமா. நானே அழிச்சுப்போடறேன்."

"பொய்யோ நெசமோ, சொந்தத்துக்குள்ள பேசிக்க வேண்டியத ஊருக்கே போட்டுக் காட்டுவியா அம்மணி?"

"உங்க ஊட்டுக்கே வந்து எத்தனையோ தடவ சொன்னேனுங்க. பாக்கலாம் பாக்கலாம்னே சொல்லிட்டிருந்தீங்க."

"நாஞ் சொல்லித்தான் உனக்கு ஸ்கூல்ல டீச்சர் வேலை. நாஞ் சொன்னா நாளைக்கே அது இருக்காது, தெரிஞ்சுக்கோ." அதற்குமேல் அவளிடம் பேச அவருக்கு இஷ்டமில்லை. மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, அத அழிச்சுப்போடு."

எல்லோரும் அருள்குமாரையே பார்த்தார்கள். அவன் மனைவியிடம் கையை நீட்டினான்.

"போனக் குடு பிரியா."

"ஏனுங்க, நீங்களுமா? பாப்பா கையில கொப்புளம் இருக்கறத வந்தன்னைக்கே பாத்தீங்கல்ல?"

"குடுன்னு சொல்றனல்ல."

கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் அந்தப் போனில் எதையோ தேடுவதுபோல விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு மாமன் பார்க்கும்படி திருப்பிப் பிடித்து, 'அனைவருக்கும் நீக்கு' என்பதை அழுத்தினான். வீடியோ மறைந்தது.

"இதுக்குத்தான் நாலு எடம் போயி வரோணுங்கறது!" சுப்பண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "காபி குடும்மா."

அவருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு சமையலறைப் பக்கம் போன லோகப்பிரியா, வாசலில் திரும்பி நின்றாள்.

"ஏனுங்க, அந்த லியூவோட போட்டோவ அழிச்சது யாருங்க? பெரிய பெரிய ஆபீசருங்களா?"

அருள்குமார் தலையை நிமிர்த்தவில்லை. "இல்ல. நம்மள மாதிரி ஆளுங்கதான்."

"ஆமாமா. இப்பத்தான் பாத்தனே."

கூடத்தில் இப்போது யாரும் உச்சுக் கொட்டவில்லை. ராமாமணி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அருள்குமார் மனைவியின் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் போனை எடுத்துக் குனிந்து உட்கார்ந்துவிட்டான். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சுப்பண்ணன் மழையைப் பற்றிப் பேச்செடுத்தார். யாரும் பிடி கொடுக்கவில்லை.

திடீரென்று கூடத்திலிருந்த போன்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின.

சுப்பண்ணன் எடுத்துப் பார்த்தார். அதே குழாய். அதே ஊதாத் தண்ணீர்.

டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்தார். "பாத்தியா மாப்பிள்ளை அவ திமிர! மறுபடியும் போட்டுட்டா! நாளைக்கு அந்த ஸ்கூலுக்கு எப்படிப் போறான்னு நானும் பாக்கறேன்!"

சமையலறை வாசலில் லோகப்பிரியா வெறுங்கையோடு நின்றிருந்தாள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை.

ராமாமணிதான் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, வீடியோவுக்குக் கீழே இருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"'இதைப் போட்டது நான். கேட்பதென்றால் என்னைக் கேளுங்கள். அழித்தால் மறுபடியும் போடுவேன்.'" நிமிர்ந்து சுப்பண்ணனைப் பார்த்தாள். "பிரியா பேருல வரலீங்ண்ணா. உங்க மாப்பிள்ளை பேருல வந்திருக்குது."